பெருந்தொற்றும் பால்பற்களும்: இங்கிலாந்துக் குழந்தைகளின் அரசுப் பல் மருத்துவம் குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் 18 வயது நிரம்பாத எவருக்கும், முழுநேரக் கல்வியில் இருப்பவராயின் 19 வயது நிரம்பும் வரையிலும், என்எச்எஸ் எனப்படும் தேசிய சுகாதார சேவையின் கீழ் பல் சிகிச்சை இலவசம். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இந்த உரிமையில் ஒரு வரிகூட மாற்றப்படவில்லை. ஆனால் 2019 ஜூன் இறுதியோடு முடிந்த ஓராண்டில் சுமார் 70 லட்சம் குழந்தைகள், அதாவது நூற்றுக்கு 59 பேர், என்எச்எஸ் பல் மருத்துவரைப் பார்த்திருந்த அதே நாட்டில், 2020 டிசம்பரோடு முடிந்த ஓராண்டில் அப்படிப் பார்த்தவர்கள் நூற்றுக்கு 30 பேர் மட்டுமே. நோய்த்தொற்றைத் தடுக்கச் சில வாரங்கள் கதவை மூட வேண்டியிருந்தது என்பதில் எவருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கதவு மீண்டும் திறந்த பிறகும் குழந்தைகள் உள்ளே வர ஏன் ஆண்டுக்கணக்கில் ஆனது என்பதையே இந்த ஆய்வு விரிவாகப் பார்க்கிறது. வராமல் போன குழந்தை யார் என்று தெரிந்து வைத்திருக்கும் பொறுப்பு அந்த அமைப்பில் யாரிடமும் இருக்கவில்லை என்பதே என் முடிவு. பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்த இந்தக் குறையைப் பெருந்தொற்று வெளியே கொண்டுவந்தது.

மூடிய வாரங்கள்

2020 மார்ச் 17 அன்று, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போடுமாறு மருத்துவமனைகளுக்கு என்எச்எஸ் தலைமை கடிதம் அனுப்பியது. மார்ச் 20 வெள்ளிக்கிழமையோடு பெரும்பாலான மாணவர்களுக்குப் பள்ளிகள் மூடப்பட்டன. 23ஆம் தேதி ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 25ஆம் தேதி இங்கிலாந்தின் அப்போதைய தலைமைப் பல் மருத்துவ அதிகாரி சாரா ஹர்லி அனுப்பிய கடிதம், வழக்கமான பல் சிகிச்சைகள் அனைத்தையும், பல் சீரமைப்பு உட்பட, மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தச் சொன்னது. ஆக, ஒன்பது நாட்களுக்குள் ஒரு குழந்தையின் வாயைப் பயிற்சி பெற்ற கண்கள் பார்க்கக்கூடிய இடங்கள் எல்லாமே மூடிவிட்டன. பல் மருத்துவமனை, அறுவை அரங்கு, பள்ளி மூன்றும் ஒன்றுக்கொன்று தாங்கலாக இருந்தவை. ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். ஒரே நேரத்தில் மூன்றும் இல்லாமல் போனதுதான் குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் தனித்தன்மை.

அந்த வாரங்களில் பல் மருத்துவர்கள் தொலைபேசி வழியாக மூன்றை மட்டும் வழங்கலாம்: ஆலோசனை, வலி நிவாரணி, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக். அதற்கும் அடங்காதவர்களை அவசரப் பல் சிகிச்சை மையங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த மையங்கள் ஏப்ரல் மாதத்தில் படிப்படியாகத்தான் திறந்தன.

பெரியவர்களுக்குத் தொலைபேசி ஆலோசனை ஓரளவு பயன்படும். எந்தப் பல், எப்படிப்பட்ட வலி, சூடு பட்டால் வலிக்கிறதா குளிர் பட்டால் வலிக்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியும். நான்கு வயதுக் குழந்தையால் அது முடியாது. தாய் ஒரு கையால் குழந்தையின் கன்னத்தை விலக்கி, மறு கையில் உள்ள செல்பேசியின் வெளிச்சத்தில் பின்வாயைப் படம் எடுத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் தெரிவது பெரும்பாலும் நாக்கும் எச்சிலும்தான். பால் கடைவாய்ப்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடுக்கில் தொடங்கும் சொத்தை, நாற்காலியில் உட்கார வைத்து, பல்லைக் காயவைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தால்கூட ஆரம்பத்தில் ஒரு மங்கலான நிழலாகவே தெரியும். பல வேளைகளில் எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகும். ஆன்டிபயாடிக்கும் பல்லின் உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் அழற்சியுற்று எழும் வலியைத் தீர்க்காது. தொற்று பரவிக் கன்னம் வீங்கும்போதோ காய்ச்சல் வரும்போதோதான் அதற்கு வேலை உண்டு. தொலைபேசியில் குழந்தைக்குக் கிடைத்த உதவி இவ்வளவே.

குழந்தைக்கு ஓராண்டு என்பது

பெரியவரின் தவணை தள்ளிப்போவதும் குழந்தையின் தவணை தள்ளிப்போவதும் ஒன்றல்ல. பால் கடைவாய்ப்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லில் இருப்பதைவிட மிக மெல்லியது. உள்ளிருக்கும் கூழோ (ரத்தக்குழாயும் நரம்பும் கொண்ட மென்பகுதி) பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. ஆகவே சொத்தை வெளிச்சுவரைத் தாண்டிக் கூழை எட்டுவதற்கு ஆண்டுகள் வேண்டியதில்லை, மாதங்கள் போதும். இதனால்தான் சுகாதார வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு இரண்டு ஆண்டு இடைவெளிகூட இருக்கலாம் என்றபோதும், 18 வயதுக்குட்பட்டோருக்கு எந்த நிலையிலும் 12 மாதங்களைத் தாண்டக் கூடாது என்றது. மூன்று வயது முதல் ஆண்டுக்கு இருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் (சொத்தையைத் தடுக்கும் பூச்சு) பூச வேண்டும் என்பது இங்கிலாந்தின் தேசியத் தடுப்பு வழிகாட்டியின் பரிந்துரை. அந்தப் பூச்சு ஒவ்வொன்றும் ஒரு வருகை. வருகை இல்லையேல் பூச்சும் இல்லை.

2020 மார்ச்சில் மூன்று வயதான ஒரு குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். முதல் பரிசோதனை ஏப்ரலில் நடந்திருக்க வேண்டும். இடுக்கில் ஒரு சிறு சொத்தை தொடங்கியிருந்தால் அப்போது வார்னிஷ் பூசி, இரவில் இனிப்புப் பானம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, தேவையான அளவு ஃப்ளோரைடு உள்ள பற்பசையைக் காட்டி அனுப்பியிருப்பார்கள். நோய் அங்கேயே நின்றிருக்கக்கூடும். தவணை ஓராண்டு தள்ளிப்போனால் அதே பல்லில் குழி விழுந்திருக்கும். இன்னும் ஓராண்டு கழிந்தால் ஈறில் சீழ்க்கட்டி. பிறகு பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை; அந்த வயதில் பல பற்களைப் பிடுங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். பொது மயக்கம் கொடுத்துச் செய்யும் பல் சிகிச்சையை இங்கிலாந்தில் 2002 முதல் அறுவை அரங்குள்ள மருத்துவமனையில் மட்டுமே செய்யலாம். பாதுகாப்புக்காக எடுத்த அந்த முடிவு மிகச் சரியானது. ஆனால் பெருந்தொற்றில் அறுவை அரங்குகள் வேறு தேவைகளுக்குப் போனபோது, இந்தக் குழந்தைகளுக்கு மாற்று இடம் இல்லாமல் போனதும் உண்மை.

காற்று, இடைவெளி, பாதுகாப்பு உடை

2020 ஜூன் 8 முதல் பல் மருத்துவமனைகள் மீண்டும் திறக்கலாம் என்று அனுமதி வந்தது. ஆனால் திறந்தது பழைய மருத்துவமனை அன்று. ஏர் ரோட்டர் எனப்படும் அதிவேகத் துளைக்கருவியும், பல் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியும் நீர்த்துளிகளைக் காற்றில் தெறிக்கச் செய்வதால், அவற்றைப் பயன்படுத்திய ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் சாதாரணக் காற்றோட்டமுள்ள அறையை ஒரு மணி நேரம் காலியாக விட்டு, பின்னரே துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது தொடக்க விதி. கணக்கு எளிது: அரை மணி நேரச் சிகிச்சைக்குப் பின் ஒரு மணி நேரம் அறை சும்மா கிடந்தால், எட்டு மணி நேர வேலைநாளில் ஒரு நாற்காலியில் ஐந்து பேருக்கு மேல் பார்க்க இயலாது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதைக் கணக்கிட்டு இடைவெளியைக் குறைக்க வழி பிறந்தது. நல்ல காற்றோட்டம் உள்ள அறைகளில் இருபது நிமிடமோ அதற்கும் குறைவாகவோ போதும் என்றானது. காற்றோட்டக் கருவி வாங்க வசதியுள்ள மருத்துவமனைகள் விரைவில் மீண்டன. பழைய வீட்டை மாற்றி நடத்தப்படும், சன்னல் ஒன்று மட்டுமே உள்ள சிறிய மருத்துவமனைகள் பின்தங்கின.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த விதிகளுக்கு இன்னொரு பக்கம் உண்டு. குழந்தைப் பல் மருத்துவம் பெரும்பாலும் முகபாவத்தால் நடப்பது. சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்ற முறையில், மருத்துவர் சிரித்துப் பேசி, கண்ணாடியைக் குழந்தையின் விரல் நகத்தில் தொட்டுக் காட்டி, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார். முகக்கவசமும் முகத்திரையும் நீண்ட அங்கியுமாக ஒருவர் குனிந்து நிற்கும்போது அந்தச் சிரிப்பு குழந்தைக்குத் தெரியாது. சும்மா வந்து நாற்காலியில் ஏறி இறங்கிப் பழகிப்போகும் வருகைகளும் அந்தக் காலத்தில் ஆடம்பரமாகிவிட்டன. மருத்துவமனை வாசனைக்குப் பழகாத குழந்தையின் முதல் வருகையே பல் பிடுங்கும் வருகையாக அமைந்தால், அந்த அச்சம் வாழ்நாள் முழுதும் தொடர வாய்ப்புண்டு. இந்த இழப்பை எந்தப் புள்ளிவிவரமும் பிடிக்கவில்லை.

நெருக்கடியில் ஒரு நல்லதும் நடந்தது. துளைக்கருவி இல்லாமல் சொத்தையைக் கையாளும் முறைகள் முன்னுக்கு வந்தன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் நோர்னா ஹாலின் பெயரால் வழங்கும் ஹால் முறையில், சொத்தையைச் சுரண்டாமல், ஊசி போடாமல், பால் கடைவாய்ப்பல்லின் மேல் எஃகுத் தொப்பி ஒன்றைப் பசையிட்டுப் பொருத்திவிடுவார்கள். உணவு கிடைக்காமல் உள்ளே இருக்கும் கிருமிகள் செயலிழக்கும். சில்வர் டையமின் ஃப்ளோரைடைத் தடவிச் சொத்தையை நிறுத்துவது மற்றொரு வழி. தடவிய சொத்தை கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். இரண்டும் பெருந்தொற்றுக்கு முன்பே நிரூபணமான முறைகள். காற்றில் துளி தெறிக்காததால் இவற்றுக்கு நீண்ட இடைவெளி தேவைப்படவில்லை. ஆனால் எந்த முறையானாலும் குழந்தை முதலில் மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டுமே.

ஒப்பந்தம் எதை எண்ணியது

என்எச்எஸ் பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்லர். 2006இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் தனி நடத்துநர்கள். அவர்களுடைய வேலை ‘பல் சிகிச்சை அலகு’ என்ற கணக்கில் அளக்கப்படுகிறது. பரிசோதனைக்கு ஓர் அலகு. நிரப்புதலுக்கும் பல் பிடுங்குவதற்கும் மூன்று. ஒரு பல்லில் சொத்தை இருந்தாலும் ஏழு பற்களில் இருந்தாலும் 2022 நவம்பர் வரை அதே மூன்று அலகுதான். அழுது அடம்பிடிக்கும் ஒரு குழந்தைக்கு ஏழு பற்களைச் சரிசெய்யப் பல வருகைகள் ஆகும். ஏழைப் பகுதியில், சொத்தை மிகுந்த வாய்களோடு வரும் குழந்தைகளை ஏற்றுக்கொள்ளும் மருத்துவருக்கு இந்தக் கணக்கு தண்டனையாகவே அமைந்தது.

பெருந்தொற்றின்போது மருத்துவமனைகள் திவாலாகாமல் இருக்க, ஒப்பந்தத் தொகை மாதந்தோறும் தொடர்ந்து வழங்கப்பட்டது. அது இல்லாதிருந்தால் பல மருத்துவமனைகள் நிரந்தரமாக மூடியிருக்கும் என்பதால் அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு ஈடாக, வழக்கமான வேலையில் எத்தனை பங்கை முடிக்க வேண்டும் என்ற வரம்பு படிப்படியாக உயர்ந்தது: 2020இன் பிற்பாதியில் 20 சதவீதம், 2021 ஜனவரி முதல் மார்ச் வரை 45, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 60, ஆண்டின் கடைசிக் காலாண்டில் 65, 2022இன் முதல் காலாண்டில் 85, அடுத்ததில் 95, ஜூலையில் மீண்டும் 100. ஆனால் வரம்பு எண்ணியது அலகுகளை. அந்த அலகு ஐம்பது வயதுக்காரரின் பரிசோதனையில் வந்ததா, ஐந்து வயதுக் குழந்தையின் பரிசோதனையில் வந்ததா என்பது வரம்பைப் பொறுத்தவரை ஒன்றே. ஏற்கெனவே தவணை வைத்திருந்த, கைபேசியில் குறுஞ்செய்தி பெற்ற, வேலை நேரத்தில் அழைத்து வர வசதியுள்ள குடும்பங்களே திறந்த கதவில் முதலில் நுழைந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இங்கேதான் அமைப்பின் அடிப்படைக் குறை இருக்கிறது. 2006 ஒப்பந்தத்திற்குப் பின் இங்கிலாந்தில் நோயாளி ஒரு பல் மருத்துவமனையில் நிரந்தரமாகப் ‘பதிவு’ செய்யப்படுவதில்லை. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனையின் கடமை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. குடும்ப மருத்துவரிடம் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் இருக்கும். தடுப்பூசி விட்டுப்போனால் அழைப்பு வரும். பல் மருத்துவத்தில் அப்படியொரு பட்டியல் இல்லை. ஆகவே 2020இல் பிறந்து, ஒருமுறைகூடப் பல் மருத்துவரைப் பார்க்காத குழந்தை, எந்த மருத்துவமனையின் கணக்கிலும் ‘விட்டுப்போனவர்’ என்று பதிவாகவில்லை. ஸ்காட்லாந்தில் 2010 முதல் பதிவு வாழ்நாள் முழுமைக்குமானது. அங்கும் பெருந்தொற்றில் வருகைகள் வீழ்ந்தன. பதிவு இருப்பதாலேயே நாற்காலி கிடைத்துவிடாது. ஆயினும் யார் வரவில்லை என்று கேட்பதற்கு அங்கே குறைந்தபட்சம் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

2019-20இல் இங்கிலாந்தில் அறுவை அரங்குள்ள மருத்துவமனைகளில் 19 வயது வரையுள்ளோருக்குச் சொத்தை காரணமாகப் பல் பிடுங்கிய நிகழ்வுகள் சுமார் 35,200. 2020-21இல் அது சுமார் 14,600 ஆகக் குறைந்தது. தலைப்பை மட்டும் படிப்பவருக்கு நோய் பாதிக்கு மேல் குறைந்ததுபோலத் தோன்றும். நடந்தது அதுவன்று: அரங்கு இல்லாததால் பல் பிடுங்கப்படவில்லை, வலி அந்தந்த வீட்டிலேயே இருந்தது. 2021-22இல் எண்ணிக்கை 26,741 ஆகவும், 2022-23இல் 31,165 ஆகவும் ஏறியது. ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கான காரணங்களில், சொத்தைப்பல் பிடுங்குவதே இங்கிலாந்தில் ஆண்டுதோறும் முதலிடத்தில் இருந்து வருகிறது. மருத்துவமனையில் பல் பிடுங்கிய நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் கொண்டு நோயின் அளவை மதிப்பிடுவது எப்போதுமே ஆபத்தானது. பெருந்தொற்று ஆண்டில் அது முற்றிலும் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.

எதிர்ச் சான்று ஒன்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தும் தேசியக் கணக்கெடுப்பில், சொத்தை அனுபவம் உள்ளோர் (இப்போது சொத்தை இருப்பவர்களோடு, அதனால் பல்லை நிரப்பியோ பிடுங்கியோ இருப்பவர்களும்) 2019இல் 23.4 சதவீதம், 2022இல் 23.7. அதாவது நாடு முழுவதற்குமான சராசரி ஏறக்குறைய அசையவே இல்லை. அப்படியானால் பல் மருத்துவமனைகள் மூடியதால் கேடு ஒன்றுமில்லையா என்று ஒருவர் கேட்கலாம். சொத்தை வருவதும் வராததும் முதன்மையாக வீட்டில் தீர்மானமாகிறது: சர்க்கரை எத்தனை முறை வாய்க்குள் போகிறது, ஃப்ளோரைடு பற்பசையால் இருவேளை துலக்குகிறார்களா என்பதே அங்கு கணக்கு. பல் மருத்துவரின் நாற்காலி பெரிதும் தீர்மானிப்பது, வந்த சொத்தை எந்தக் கட்டத்தில் பிடிபடுகிறது என்பதை. பூச்சோடு நின்றதா, தொப்பியோடு முடிந்ததா, மயக்கம் கொடுத்துப் பிடுங்கும் வரை போனதா என்ற வேறுபாட்டை ‘சொத்தை அனுபவம்’ என்ற ஒற்றை எண் காட்டாது. மேலும் சராசரிக்குள் இரண்டு இங்கிலாந்துகள் இருக்கின்றன. 2019இல் மிக வறிய பகுதிகளில் இந்த விகிதம் 34.3 ஆகவும், மிக வசதியான பகுதிகளில் 13.7 ஆகவும் இருந்தது, 2022இல் 35.1, 13.5. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளி விரிந்தது சிறிதளவே என்பதால் அதைப் பெருந்தொற்றின் மேல் மட்டும் சுமத்த மாட்டேன். ஆனால் வறிய பகுதியில் மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் சொத்தையோடு பள்ளிக்கு வரும் நிலையில் கதவடைப்பின், அதைத் தொடர்ந்த தாமதத்தின் சுமை எங்கே கூடுதலாக விழுந்திருக்கும் என்பது தெளிவு.

பள்ளிகள் மூடியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் மேற்பார்வையில் குழந்தைகள் பல் துலக்கும் திட்டம் ஸ்காட்லாந்தில் சைல்ட்ஸ்மைல் என்ற பெயரிலும் வேல்சில் டிசைன்டு டு ஸ்மைல் என்ற பெயரிலும் தேசிய அளவில் நடந்தது. இங்கிலாந்தில் அது உள்ளாட்சிகளின் விருப்பத்தைப் பொறுத்தே ஆங்காங்கே இருந்தது. 2020 மார்ச்சில் எல்லாம் நின்றன. பல் மருத்துவமனைக்கே போகாத குழந்தைக்கும் நாள்தோறும் ஃப்ளோரைடு கிடைக்கச் செய்த ஏற்பாடு அது.

மீட்சியின் அளவு

2021 ஜூனோடு முடிந்த ஓராண்டில் பல் மருத்துவரைப் பார்த்த குழந்தைகள் சுமார் 39 லட்சம். அடுத்த ஆண்டு 56 லட்சம். 2023 ஜூனில் 64 லட்சம், அதாவது நூற்றுக்கு 53 பேர். பெருந்தொற்று தொடங்கி மூன்றாண்டுகள் கடந்தும் பழைய 59ஐ எட்டவில்லை. அந்தப் பழைய 59கூட, பத்தில் நான்கு குழந்தைகள் ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பார்க்கப்படாத நிலைதான். 2022 ஆகஸ்டில் பிபிசி ஐக்கிய இராச்சியம் முழுவதும் விசாரித்தபோது, என்எச்எஸ் பல் மருத்துவமனைகளில் பத்தில் எட்டு புதிய குழந்தை நோயாளிகளை ஏற்கவில்லை என்று தெரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்த குழந்தைகள் எல்லோருமே ‘புதிய நோயாளிகள்’ என்பதை இந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

2022 நவம்பரில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பற்களுக்கான சிகிச்சைக்கு ஐந்து அலகுகள் என ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2025 மார்ச்சில், வறிய பகுதிகளில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 6 லட்சம் பேர் வரை பயன்பெறும்படி, மேற்பார்வையில் பல் துலக்கும் திட்டத்திற்கு 1.14 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. இரண்டும் சரியான திசை. ஆனால் இரண்டுமே 2020இல் மூன்று வயதாகவும் ஆறு வயதாகவும் இருந்தவர்களுக்குத் தாமதமாகவே வந்தன. ஆறு வயது என்பது முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும் வயது. அதன் பள்ளங்களை அடைத்துப் பாதுகாக்கும் பூச்சுக்கு உகந்த காலம் பல் முளைத்த உடனே தொடங்குகிறது. 2022-23 கல்வியாண்டில் 10, 11 வயது மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 16 சதவீதத்தினருக்கு நிரந்தரப் பற்களில் சொத்தை அனுபவம் இருந்தது. பால்பல் விழுந்து மறையும். இந்தப் பல் விழுந்தால் மீண்டும் முளைக்காது.

ஆகவே அந்த ஆண்டுகளில் தொடக்கப் பள்ளியில் இருந்தவர்களை, அவர்கள் இப்போது படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளிலேயே தேடிப் பார்க்க வேண்டும். யாருக்கு எப்போது கடைசியாகப் பல் பரிசோதனை நடந்தது என்பதைக் பல் மருத்துவர்களுக்குரிய தொகையைக் கணக்கிடும் என்எச்எஸ் அலுவலகத்தின் தரவிலிருந்தே குழந்தைவாரியாக எடுக்க இயலும். அதைப் பள்ளிச் செவிலியரின் கையில் உள்ள சுகாதாரப் பதிவோடு இணைத்து, ஒருமுறைகூடப் பார்க்கப்படாதவர்களுக்கு அலகுக் கணக்குக்கு வெளியே தனித் தவணைகளை ஒதுக்கினால், அடுத்த பெருந்தொற்றுக்குக் காத்திராமல் அந்தப் பெயர்ப்பட்டியலை இப்போதே உருவாக்கிவிடலாம்.